ஹனோய் விருந்தாளியும் மூக்கண்டப்பள்ளி ரோடும்

புது மெஷினை ஓட்டிக் காட்ட ஹனோயிலிருந்து, கன்னட எல்லையை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் இருக்கும் எங்கள் கம்பெனிக்கு ஒரு பெண் இன்ஜினியர் வந்திருந்தார். மூன்று வாரம் தங்கல். தமிழ் தெரியாது. இங்கிலீஷ் என் அளவுக்குத்தான். இருவருக்கும் அவருடைய போனே துணை. அவர் பேசினால் அது தமிழில் சொல்லும்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "நம்ம டிராஃபிக் அவங்களுக்குப் பழக்கம் இருக்காது. ரோட்டத் தாண்டறப்ப கையை உட்றாதம்மா."

முதல் நாளே கேன்டீன் சாம்பார் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. எதிர்ப்பக்கம் பிரியாணிக் கடைக்குக் கிளம்பினோம். ஷிஃப்ட் மாறுகிற நேரம். பைக், ஷேர் ஆட்டோ, கம்பெனி பஸ், எதிர்த் திசையில் வருகிறவர்கள் என்று ரோடே தெரியவில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எப்போதும் போல ஓடினேன். பாதியில் ஒரு பைக் வந்தது. திரும்பி ஓடிவந்தேன். மறுபடி ஓடினேன், மறுபடி திரும்பினேன். அவர் என் கையை உதறிவிட்டுப் போனை எடுத்து ஏதோ சொன்னார்.

போன் கணீரென்று பேசியது: "மதிப்பிற்குரிய சகோதரியே, நீங்கள் ஏன் கோழியைப் போல ஓடுகிறீர்கள்?"

பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்கள் ஹனோயிலும் இதே பைக் கூட்டம்தான். மெதுவாக நடங்கள். நிற்காதீர்கள், பின்வாங்காதீர்கள். அவர்கள் உங்களைப் பார்த்து விலகுவார்கள்" என்றது போன். இப்போது அவர் என் கையைப் பிடித்தார். கோயில் பிராகாரத்தில் நடப்பது போல இறங்கி நடந்தார். உள்ளுக்குள் சாமியைக் கும்பிட்டபடி கூடவே போனேன். நிஜமாகவே பைக்குகள் இரண்டு பக்கமும் பிரிந்து போயின! ஆட்டோகூட வளைந்து போனது.

அப்போதுதான் பஸ் வந்தது. அவர் அதே நடையில் போய்க்கொண்டிருந்தார்.

"ஐயோ, பஸ்ஸு ஒதுங்காதுங்க!" என்று கத்தி, அவர் இடுப்பைச் சேர்த்துப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். ஒரு கை தூரத்தில் பஸ் கடந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டி முதலில் கன்னடத்தில் திட்டினார். என் முகத்தைப் பார்த்ததும் தமிழிலும் திட்டினார். போன் அதையும் கேட்டு விருந்தாளியின் மொழிக்கு மாற்றிக்கொண்டிருந்தது. என்ன சொன்னதோ, நடுரோட்டில் நின்று அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் அவரை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தேன்.

பிரியாணி சாப்பிடும்போது ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். பைக்கும் ஆட்டோவும் வந்தால் அவர் சொல்கிறபடி நடப்பது. பஸ்ஸும் லாரியும் வந்தால் நான் சொல்கிறபடி நிற்பது. மூன்று வாரமும் இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

அவர் கற்றுக்கொண்டு போன ஒரே தமிழ், "இருங்க, லாரி." ஓரமாக நிறுத்திவைத்திருக்கும் லாரியைப் பார்த்தாலும் அதைச் சொல்லி என்னை நிறுத்துவார். நான் திருத்தவில்லை. அது எந்த நேரத்தில் கிளம்பும் என்று யாருக்குத் தெரியும்?