சம்பளத்தில் பிடிக்காத வீட்டு வரி

எங்கள் அப்பாவுக்குப் பணம் கட்டத் தெரியாது. கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் இறங்கிய நாளிலிருந்து எல்லாவற்றையும் அவர் சம்பளத்தில் கம்பெனியே பிடித்துக்கொண்டது. கம்பெனி கொடுத்த லைன் வீட்டு வாடகை, விளக்குக் காசு, ஸ்டோரில் வாங்கிய அரிசி எல்லாம் போக மீதிதான் கைக்கு வரும். ஓர் ஆபீஸைத் தேடிப்போய்ப் பணம் கட்டும் வேலை அவருக்கு அதுவரை வாய்க்கவே இல்லை.

அறுபதுகளில் அம்மா சீட்டுப் போட்டும் நகையை விற்றும், கம்பெனி எல்லைக்கு வெளியே பேட்டையில் ஒரு சின்ன வீட்டை வாங்கவைத்தாள். ரிட்டயர் ஆனால் லைன் வீட்டைக் காலி செய்யவேண்டுமே என்ற கவலை அவளை அரித்துக்கொண்டிருந்தது. லைனில் மூங்கில் தட்டிதான் எங்களுக்குச் சுவர், கதவும் தட்டிதான். பேட்டை வீட்டிலோ பலாமரக் கதவு. வாரம் தவறாமல் அதற்கு எண்ணெய் போட்டுத் துடைப்பாள். அவள் அதைச் சாத்தும் சத்தத்திலேயே ஒரு கர்வம் இருக்கும்.

குடிபோன கொஞ்ச நாளில் முனிசிபாலிட்டி பில் கலெக்டர் வந்தார். வீட்டு வரியை ஆபீஸ் கவுண்டரில் கட்டலாம், தன்னிடமே கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம், முடியாவிட்டால் இரண்டு தவணையாகக் கட்டலாம் என்று பொறுமையாக விளக்கினார். அப்பா அதைவிடப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"இன்னாத்துக்கு சார் இவ்ளோ அலைச்சல்? சம்பளத்துல புடிச்சிக்கோங்க" என்றார்.

பில் கலெக்டர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பில்லைத் திண்ணையின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

அந்த மாதம் சம்பளம் குறைந்துதான் வந்தது. "பாத்தியா, புடிச்சிட்டான்" என்று அப்பா வெற்றிக் களிப்போடு சொன்னார். உண்மையில், புது வீட்டில் பால் காய்ச்சுவதற்காக அவர் மட்டம் போட்ட ஷிஃப்டுகளுக்கான பிடித்தம் அது. அம்மாவுக்குச் சந்தேகம்தான். "எதுக்கும் ஆபீஸ்ல ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்களேன்" என்று சொல்லிப் பார்த்தாள். "எனக்கே சொல்லித் தர்றியா?" என்றார் அப்பா. அதற்குப் பிறகு வந்த நோட்டீஸ்களையும் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்.

ஒருநாள் பகலில், அப்பா சுரங்கத்துக்குள் இருந்த நேரம், தமுக்கு அடித்துக்கொண்டு ஜப்திக்கு ஆட்கள் வந்தார்கள். வீட்டுக்குள் தேடிப் பார்த்தார்கள். எடுத்துப்போகிற மாதிரி பெரிதாக ஒன்றும் இல்லாததால் வாசல் கதவைக் கழற்றினார்கள். தெருவிலேயே எங்கள் வீட்டுக்கு மட்டும் மேளம் வந்திருக்கிறது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தச் சத்தத்துக்கு ஆடக்கூட ஆடினேன். அம்மா தன் புடவை ஒன்றை எடுத்துவந்து வாசலில் கட்டித் தொங்கவிட்டாள்.

ஷிஃப்டு முடிந்து அப்பா வந்தபோது பாதித் தெரு எங்கள் வாசலில் நின்றது. "இன்னா மேஸ்திரி, வரி கட்டலியா?" என்று எதிர்வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே கேட்டார். அப்பா புடவையையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளதைச் சொன்னால் தெரு முழுக்கச் சிரிக்கும். அதற்குள் அம்மா வெளியே வந்துவிட்டாள்.

"அவரு அப்பவே துட்டு குடுத்துட்டாருங்க. நாந்தான் வேற செலவு பண்ணிட்டேன்" என்றாள்.

மறுநாள் அப்பா கடன் வாங்கிக்கொண்டுபோய் வரியைக் கட்டினார். கதவும் வந்து சேர்ந்தது. ஆனால் வரிப் பணத்தில் புடவை எடுத்தவள் என்று குழாயடியில் அம்மாவைப் பேசினார்கள். யாரும் எழுவதற்கு முன்பே போய்த் தண்ணீர் பிடித்துவர அவள் பழகிக்கொண்டாள். அடுத்த வருஷமே, "இந்தத் தெரு நமக்கு வேணாம்" என்று அப்பா வீட்டை விற்றார். அம்மா சாமான்களை மூட்டை கட்டினாள். மறுபடியும் தட்டி வீடு. எனக்கென்னவோ கொண்டாட்டம்தான், என் கூட்டாளிகள் எல்லாரும் லைனில் இருந்தார்கள். அப்பா ரிட்டயர் ஆனபின் வாடகை வீடுகளாக மாறிக்கொண்டிருந்தோம். அப்படி ஒரு வீட்டில்தான் அம்மா இறந்தாள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறுவதில்லை.

கதவு போன அந்தச் சாயங்காலம் எனக்கு அம்மாமேல்தான் கோபம். பொய் சொன்னால் வாயில் சூடு போடுவேன் என்று என்னை மிரட்டுகிறவள், ஊர் கேட்கப் பொய் சொல்கிறாளே! அவளை அப்பா கண்டிப்பார் என்று எதிர்பார்த்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, புடவையை விலக்கி உள்ளே போனார். அம்மா சொன்னது பொய் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அப்பா ஒன்றுமே சொல்லாமல் போனதற்கு என்ன பெயர் என்று அப்போது தெரியவில்லை.