குழுவில் நான் போட்ட படம்

நான் ஏட்டாகப் பதவி உயர்வதற்கு முன்பே என் தொப்பை உயர்ந்துவிட்டது. திருடனைத் துரத்த இவன் லாயக்கில்லை என்று கண்டுகொண்ட இன்ஸ்பெக்டர், சாயல்குடிப் பக்கத்தில் ஐந்து கிராமங்களை என் தலையில் கட்டினார். தனியாகக் கிடக்கும் கிழவிகள், அடிபடும் பெண்கள், குடியை விட முடியாதவர்கள் எல்லாரையும் தேடிப் பிடித்து, பென்ஷன் ஆபீஸ், ஆஸ்பத்திரி, காப்பகம் என்று உரிய இடத்தில் சேர்ப்பதுதான் வேலை. ஊருக்கு ஒரு வாட்ஸப் குழு, வீட்டுக்கு ஒரு நம்பர். அட்மின் நான்.

யாருக்கு என்ன உதவி செய்தாலும் அதைப் படம் பிடித்துக் குழுவில் போடுவேன். மேலிடத்தில் கேட்டது மாதத்துக்கு ஒரு படம். நான் வாரத்துக்கு மூன்று போட்டேன். கிழவிக்குச் சக்கர நாற்காலி வாங்கிக் கொடுத்த படத்தில் கிழவி பாதி, என் தொப்பை மீதி. கட்டைவிரல்கள் வந்து விழும். அவற்றை எண்ணிப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.

"சாகும்போதும் ஒரு படம் எடுத்துப் போட்டுட்டுத்தான் சாவீக" என்பாள் என் மனைவி.

என் ஐந்து கிராமங்களில் ஒன்றில் ஒரு பெண் உப்பளத்தில் வேலை பார்த்தாள். புருஷன் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவன். ஒருநாள் உப்புப் பாத்தி வரப்பில் என் பைக்கை மறித்தாள். முழங்கை வரை தோல் உரிந்திருந்தது.

"ஏட்டையா, அடிக்கிறதக்கூடப் பொறுத்துக்கிருவேன். மறுநா உப்புத் தண்ணிக்குள்ள கைய விடணும்ல, அதான் தாங்க முடியல. எங்கனயாச்சும் கொண்டுபோயி விட்டுருங்க. அவருக்கு மட்டும் தெரியக் கூடாது."

"புகார் எழுதிக் குடு தாயி. தூக்கி உள்ள வச்சிருவோம்."

"எத்தன நாளைக்கு வப்பீக? அவரு வெளிய வந்தபெறகு நீங்களா எங்கூட இருப்பீக?"

பதில் தெரியாதபோது நான் மீசையைத் தடவுவேன். அன்றும் தடவினேன்.

அவன் கரி ஏற்றப் போன ஒரு நாளில் அவளை ராமநாதபுரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பின்னாலேயே பைக்கில் போனேன். ராமநாதபுரத்துக்குள் நுழையும்போது டயர் பஞ்சர். பெண்கள் காப்பக வாசலுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தேன். பெல்ட்டின் பூட்டு தெறித்துச் சாக்கடையில் விழுந்தது. அங்கே காத்திருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள். விடுவேனா? பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போனதும் அவள் முகத்தை ஒரு மஞ்சள் வட்டச் சிரிப்புப் பொம்மையால் மறைத்தேன். எவ்வளவு முன்ஜாக்கிரதை! 'துணிச்சலான சகோதரி. இனி பயமில்லை' என்று எழுதி அவளுடைய ஊர்க் குழுவிலேயே போட்டேன். அடிபடும் மற்ற பெண்களும் பார்த்துத் தைரியமாக வரட்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். எங்கள் முதுகுக்குப் பின்னால் காப்பகத்தின் போர்டு, ஊர் பேர் தெருப் பேரோடு, என்னைவிடத் தெளிவாக விழுந்திருந்தது. அதை மறைக்கத் தோன்றவில்லை.

முதல் கட்டைவிரல் உடனே வந்தது. நான் எண்ணினேனே தவிர யாருடையது என்று பார்க்கவில்லை. அவளிடம் போன் கிடையாது. அவள் வீட்டு நம்பர் என்று குழுவில் இருந்தது புருஷனின் நம்பர். சேர்த்தவன் நான். எப்படித் திறப்பது, எந்த இடத்தில் கட்டைவிரல் போடுவது என்று டீக்கடையில் வைத்துச் சொல்லிக் கொடுத்தவனும் நான்தான். நல்ல மாணவன்.

மறுநாள் அமாவாசை. தேவிபட்டினத்தில் கடலில் முழுக வந்த கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். மத்தியானம் போனை எடுத்துப் பார்த்தால் காப்பகத்திலிருந்து நாலு தடவை கூப்பிட்டிருந்தார்கள்.

"நீங்க அனுப்புனதாச் சொல்லி அவ வீட்டுக்காரர் வந்தாரு சார். நீங்க எடுத்த படத்தையே காட்டுனாரு" என்றார் வார்டன் அம்மா. "உங்களக் கேக்காம விடக் கூடாதுன்னுதான் கூப்பிட்டேன். அதுக்குள்ள அந்தப் பொண்ணே கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்பிருச்சு."

சாயங்காலம் குழுவில் அவன் எழுதியிருந்தான்: 'எங்களைச் சேத்து வச்ச ஏட்டையாவுக்கு நன்றி.' ஊரே கைதட்டும் பொம்மை போட்டது. என் வாழ்நாளில் அவ்வளவு கைதட்டு வாங்கியதில்லை. இன்ஸ்பெக்டர் போன் போட்டு, "பலே! குடும்பத்த ஒட்ட வச்சிட்டீரே. ரிப்போர்ட்டுல சேத்துரும்" என்றார்.

நடந்ததை அவரிடம் சொல்லியிருக்கலாம். 'சரிங்கய்யா' என்றேன். 'தம்பதியர் இணைந்து வாழ்கின்றனர்' என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். குழுவில் இருந்த படத்தை அழித்தேன். நாளைக்கு விசாரணை வந்தால் என்ன செய்வது என்று, போனில் இருந்த, முகம் மறைக்காத படத்தையும் அழித்தேன்.

அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வர நாலு நாள் ஆயிற்று. உப்பளத்தில் குனிந்து நின்றாள். இடது கையில் இரண்டு விரலைச் சேர்த்துத் துணி சுற்றியிருந்தது.

"ஏன் தாயி அவங்கூட வந்த?"

"நீங்கதான் அனுப்பிச்சதாச் சொன்னாரு. படமும் இருந்துச்சு. நீங்களே காட்டிக் குடுத்தபெறகு எங்கன கெடந்தா என்னன்னு வந்துட்டேன்."

"நான் அனுப்பல தாயி. சத்தியமா."

"சரி."

நம்பினாளா என்று தெரியவில்லை. பிறகு அவளே கேட்டாள்:

"பொம்ம ஒட்டாத படம் இருக்கா? நான் சிரிச்சது. ஒருதரம் பாக்கணும்."

"இல்ல. அழிச்சுட்டேன்."

"அதுவும் போச்சா" என்றாள்.

வேறு ஜில்லாவில் இடம் பார்க்கிறேன், இந்தத் தடவை ஒரு காக்காய்க்கும் தெரியாது என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

"வேணாம் ஏட்டையா. அவரு கெட்டவருன்னு எனக்குத் தெரியும், தள்ளி நின்னுக்கிருவேன். நீங்க நல்லவுக. ஒங்களக் கண்டாத்தான் பயமா இருக்கு."

பிறகு பாத்தியில் இறங்கித் துணி சுற்றிய கையைத் தண்ணீருக்குள் விட்டாள். அவளிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. நான் வரப்பில் நின்று மீசையைத் தடவிக்கொண்டிருந்தேன்.