மஸ்கட் மித்ராவின் மாற்று வேட்பாளர்

எட்டாம் மாதத்திலேயே பிறந்து, இரண்டு கிலோகூட இல்லாத உடம்போடு சாவை ஜெயித்தாள். வீட்டில் தமிழே பேசி வளர்ந்தும் பத்தாம் வகுப்பில் கன்னடத்தில் பள்ளிக்கே முதலாவதாக வந்தாள். பெங்களூர் நீலசந்திராவில் தங்கள் சந்துக்குக் காவிரித் தண்ணீர் வர வழியே இல்லை என்ற பொறியாளரையே குழாய் பதிக்க வைத்தாள். சட்டக் கல்லூரியில் இடம் பிடித்தாள், பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கினாள். கடைசியாக, பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் கட்சியின் டிக்கெட். அப்போது அவளுக்கு இருபத்தொரு வயது. மாநகராட்சித் தேர்தலில் நிற்கக் குறைந்தது அந்த வயதாவது ஆகியிருக்க வேண்டும்.

தங்கை சங்கமித்ரா ஜெயித்ததையெல்லாம் உதயா இந்த வரிசையில்தான் சொல்வாள். நடுவில் யாராவது குறுக்கிட்டால் மறுபடியும் பிறப்பிலிருந்து தொடங்குவாள். உதயா எட்டாவதோடு நின்றவள். கார்மெண்ட்ஸில் செக்கிங் வேலை. ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் சட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவாள்.

கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடியபின், அப்பா தாஸ் டிரைவராகவும் அம்மா சின்னத்தாய் சமையலுக்குமாக மஸ்கட்டில் ஒரே வீட்டுக்கு வேலைக்குப் போனார்கள். உதயா அத்தை வீட்டில் இருந்தாள். 2005 ஜனவரியில் சங்கமித்ரா மஸ்கட்டிலேயே பிறந்தாள். அவள் தத்தித் தத்தி நடக்கும் வயதில், தூதரகம் கொடுத்த ஒருவழிப் பயணத்தாளில் அவளைக் கூட்டிக்கொண்டு பெங்களூருக்கே வந்துவிட்டார்கள். பெரியவர்கள் வேலைக்குப் போக, குழந்தையைப் பார்த்துக்கொள்ள உதயா பள்ளியை விட்டாள்.

சந்துக்கு அவள் பெயர் மஸ்கட். ஐந்து வயதில் யார் கேட்டாலும் முதலமைச்சர் ஆவேன் என்பாள். “சி.எம். மேடம், ஸ்வல்ப வழி வுடுங்க” என்று குடத்தோடு வரும் பெண்கள் கிண்டல் செய்வார்கள். வழி விடமாட்டாள். “மொதல்ல மனு குடுங்க” என்பாள்.

சந்தில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் என்பதால் கட்சியின் வார்டு செயலாளர் ரெமிஜியஸ் போஸ்டரிலும் ‘மஸ்கட் மித்ரா’ என்றே அடித்தார். மனு தாக்கல் செய்யும்போது மாற்று வேட்பாளராக வீட்டிலிருந்து இன்னொருத்தி தேவைப்பட்டாள். முதல் மனு தள்ளுபடியானால் மட்டுமே அந்த இரண்டாவது மனுவுக்கு உயிர்.

“சும்மா பேருக்குத்தான்க்கா. கல்யாணத்துல தோழிப்பொண்ணு நிக்கிற மாதிரி” என்றார் ரெமிஜியஸ்.

“தோழிப்பொண்ணுக்குப் புதுப்புடவை உண்டாப்பா?” என்று கேட்டபடியே உதயா கையெழுத்துப் போட்டாள்.

மனுப் பரிசீலனை அன்று எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் போஸ்டரைத்தான் மேசைமேல் விரித்தார். மஸ்கட்டில் பிறந்தவரா, எப்போது என்று கேட்டார். சங்கமித்ரா மறைக்கவில்லை, தேதியைச் சொன்னாள். 2004 டிசம்பர் மூன்றாம் தேதி முதல் வெளிநாட்டில் பிறக்கும் குழந்தையை ஒரு வருடத்துக்குள் தூதரகத்தில் பதிய வேண்டும், பதியாதவர் இந்தியக் குடிமகள் ஆகமாட்டார் என்றார் அவர். அவள் ஆதாரையும் வாக்காளர் அட்டையையும் எடுத்து வைத்தாள். இவை குடியுரிமைக்கு ஆதாரம் ஆகாது என்றார் அதிகாரி. ஆஸ்பத்திரியில் கொடுத்த பிறப்புச் சான்றிதழே போதும் என்று தாஸ் நம்பியிருந்தார். இப்போது கேட்பதற்கு அவர் உயிரோடு இல்லை. மனு தள்ளுபடியானது.

வெளியே வந்ததும் கட்சி வக்கீல் ஆறுதல் சொன்னார். “வெளிநாட்டுல பொறந்தது தப்பில்லம்மா. குடியுரிமை மட்டும் இருந்தா பிரதமராவே ஆகலாம், சட்டம் தடுக்காது. நீ ஒரு ஏழு வாரம் முந்திப் பொறந்திருந்தா பேச்சே இல்ல.”

“எட்டு மாசத்துல முந்திதான் சார் பொறந்தேன்” என்றாள் சங்கமித்ரா. “இன்னும் எவ்ளோ முந்துறது?”

வீட்டில் சின்னத்தாய் யாரையும் பார்க்காமல் கேட்டாள்: “என் வயித்துலேர்ந்துதான வந்தா. என் வயிறு எந்த தேசமாம்?”

உதயாவின் மனு ஏற்கப்பட்டிருந்தது. மறுநாள் எதிர்த்தரப்புக்கு வேலை செய்யும் கேபிள்காரர் ரகுராம் வாசலில் வந்து நின்றார்.

“அக்கா, நீங்க வாபஸ் வாங்கிடுங்க, நாங்களும் இதோட வுட்டுடறோம். இல்லேன்னா போலீஸுக்குப் புகார் போவும். படிக்கிற பொண்ணு, பாத்துக்கங்க.”

அவர் போனதும் சங்கமித்ரா சொன்னாள்: “நீ நில்லுக்கா. அவங்க எப்பிடியும் புகார் குடுப்பாங்க.”

“மைக்கைப் பாத்தா எனக்கு நாக்கு ஒட்டிக்கும்டி.”

“நான் சொல்லித் தரேன்.”

“உன்னைப் புடிச்சுக்கினு பூட்டா அப்புறம் யாரு சொல்லித் தருவா?”

உதயாவுக்கு அந்த ஒரே பயம்தான். வார்டு போனால் அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்ளலாம். தங்கையை எங்கே அனுப்புவார்கள்? மஸ்கட்டில் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? கடைசி நாள், கெடு முடிவதற்குள் ஆட்டோவில் போய் மனுவை வாபஸ் வாங்கினாள்.

“கட்சி கழுத்தை அறுத்துட்டீங்கக்கா” என்ற ரெமிஜியஸ் அதன்பின் அந்தச் சந்துக்குள் வரவில்லை. சங்கமித்ரா மிச்சமிருந்த போஸ்டர்களை மடித்துப் பரணில் ஏற்றினாள். திட்டியிருந்தால் உதயாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இனி ஓட்டுப் போட்டால் அதுவே குற்றமாகும் என்று வக்கீல் எச்சரித்திருந்தார். தேர்தலன்று அக்காவும் அம்மாவும் விரலில் மையோடு திரும்பினார்கள். சங்கமித்ரா அந்த விரல்களைப் பார்த்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

எதிர்த்தரப்பு ஜெயித்தது. அடுத்த வாரமே சங்கமித்ரா பெயருக்கு நோட்டீஸ் வந்தது. வாபஸ் வாங்கியும் ஏன் புகார் போனது என்று உதயா ரகுராமை வழிமறித்துக் கேட்டாள்.

“அது வேற யாரோ குடுத்தது, அக்கா” என்று சொல்லி ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனார்.

வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் ஒரு படிவத்தை நீட்டினாள். அதில் நாடு என்றொரு கட்டம் இருந்தது.

“இதுல என்ன எழுதணும் மேடம்?” என்று சங்கமித்ரா கன்னடத்தில் கேட்டாள்.

“ஓமான் பாஸ்போர்ட் இருக்கா?”

“இல்ல.”

“அப்ப காலியா வுடுங்க.”

காலியாக விட்டாள். பிறகு பேனாவைத் திருத்திப் பிடித்து, கவுன்சிலரானதும் போடுவதற்கென்று பழைய செய்தித்தாளின் ஓரங்களில் மாதக்கணக்காகப் பழகிய கையெழுத்தைப் போட்டாள். கன்னடத்தில், முழுப் பெயர், கீழே ஒரு நீண்ட கோடு. அவள் அதைப் பழகும்போதெல்லாம், கோடு இன்னும் நேராக வரணும் என்று உதயா சொல்லிக்கொண்டே இருப்பாள். இன்று கோடு நேராகவே இருந்தது. அயல்நாட்டவராகச் சங்கமித்ரா முதன்முதலாகக் கையெழுத்திட்ட நாள், 2026 ஜூலை 9, வியாழக்கிழமை.