ஓப்பீர் வம்சத்துச் சம்பந்தம்

கல்பாக்கத்தில் டெக்னீஷியனாக இருக்கும் கிருபாகரனுக்கு ஒரே ஒரு கேள்விதான் ஆகாது. மாற்றலாகி வருகிறவர்கள் ஸ்டாஃப் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, பேர், ஊர் எல்லாம் விசாரித்துவிட்டுக் குரலைத் தணித்துக் கேட்பார்கள்: "நீங்க எந்த ஆளுங்க?" தாத்தா காலம்வரை சதுரங்கப்பட்டினத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். சொல்ல அவருக்கு வெட்கமில்லை. கேட்டவர் முகம் மாறுவதைப் பார்க்கத்தான் பிடிக்காது.

ஒரு லெந்து நோன்புக் காலத்தில் பைபிளின் ஆதியாகமம் பத்தாம் அதிகாரத்தில் பதில் அகப்பட்டது. நோவாவின் மகன் சேம், அவன் வழியில் ஏபேர், ஏபேருக்கு யொக்தான், யொக்தானுக்கு ஓப்பீர். சாலொமோன் ராஜாவுக்குப் பொன் போனது ஓப்பீரிலிருந்து. ராஜாவின் கப்பலில் மயிலும் போயிருக்கிறது. எபிரேயத்தில் மயிலுக்குள்ள சொல் நம்முடைய 'தோகை' மாதிரியே இருக்கிறதென்று யூடியூபில் யாரோ சொன்னார். போதாதா? தமிழர் ஓப்பீரின் பிள்ளைகள் என்று கிருபாகரன் முடிவுகட்டிவிட்டார்.

அடுத்து பஸ்ஸில் கேட்டவரிடம், "ஓப்பீர் வம்சம் சார்" என்றார்.

"அது எந்த மாவட்டம்?"

"யொக்தான் வழி."

கேட்டவர் போனை எடுத்து யொக்தான் எங்கே இருக்கிறதென்று தேட ஆரம்பித்தார்.

இப்படி இருக்கையில் நாவலூர் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் மகள், கூட வேலை செய்யும் பையனைப் பிடித்திருக்கிறதென்றாள். பையனின் அப்பா ஏசுதாஸ், திருக்கழுக்குன்றத்தில் ரிடையரான வாத்தியார், குடும்பத்தோடு பெண் பார்க்க வந்தார். பூர்வீகம் பற்றிப் பேச்சு வந்ததும் கிருபாகரன் ஆரம்பித்துவிட்டார். ஏசுதாஸும் லேசுப்பட்டவரில்லை.

"நானும் ஆராய்ச்சி பண்ணிகினுதான் கீறேன். நாங்க ஆவிலா வழி. ஓப்பீருக்குக் கூடப் பொறந்தவன்!"

இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பிடித்த கை தளராமலே கிருபாகரனின் முகம் சுண்டியது.

"ஐயோ, அப்ப நாம பங்காளிங்க ஆச்சே! மாப்ள என் பொண்ணுக்கு அண்ணன் முறை ஆவுது!"

ஏசுதாஸ் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். மகள் அப்பாவை முறைத்த முறைப்பில் மின்விசிறியே நின்றுபோயிருக்கும்.

பஜ்ஜித் தட்டோடு வந்த ஹெலன் தன் கணவன் கிருபாகரனைப் பார்த்தாள். "நோவா பேழையிலேர்ந்து எறங்குனது அவரு புள்ளைங்க மூணு பேரு. ஊர் ஒலகம் பூரா அவங்க வம்சந்தானே?"

"ஆமா."

"அப்ப நீயும் நானும் இன்னாய்யா முறை?"

ஏசுதாஸின் மனைவிதான் முதலில் சிரித்தாள். பிறகு வீடே சிரித்தது. பஜ்ஜி ஆறுவதற்குள் நிச்சயத்துக்கு நாள் குறித்தாயிற்று.

கல்யாணம் மே மாதம் சிறப்பாக நடந்தது. பிரியாணிப் பந்தியில் மட்டும் சின்னத் தகராறு. வேதத்தில் ஓப்பீருக்கு அடுத்துத்தான் ஆவிலா பேர் வருகிறது, ஆகையால் நான்தான் மூத்தவன் என்றார் கிருபாகரன். அவரைவிட ஆறு வயது பெரியவரான ஏசுதாஸ் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்:

"சரி அண்ணாத்த, அந்தத் தால்சாவை இப்டித் தள்ளு."