அண்ணியின் ஊக்கு

போன வாரம் வரை என் சாவிக்கொத்தில் ஓர் ஊக்கு தொங்கிக்கொண்டிருந்தது. துருவேறி, முனை லேசாக வளைந்த பழைய ஊக்கு. அலுவலகத்தில் யாராவது கேட்டால், சும்மா கிடக்கிறது என்று சொல்லி வாயை அடைத்துவிடுவேன். அது என் அண்ணியின் தாலிச்சரட்டில் கிடந்தது.

கப்பல் பட்டறை வேலை போனதும் புக்கிட் மேராவில் அண்ணன் வீட்டில் போய் ஒட்டிக்கொண்டேன். ஒரு மாதம் என்று சொல்லிப் போனவன் எட்டு மாதமாகியும் நகரவில்லை. “தீபாவளி முடியட்டும், வேற ரூம் பாத்துக்கடா” என்று அண்ணன் ஒருநாள் சொல்லிவிட்டார். அவர்மேல் தப்பில்லை, ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை. எப்படியாவது உபயோகமானவன் என்று காட்டிவிட வேண்டுமென்று, வீட்டில் கண்ணில் பட்டதையெல்லாம் பழுதுபார்க்கத் தொடங்கினேன். பழுதாகாததையும் சேர்த்துத்தான்.

அண்ணி ஒரு கிளினிக்கில் பதிவு மேசையில் இருந்தார். அதிகம் பேசமாட்டார். ஹாலில் இருந்த மீன் தொட்டிதான் அவருக்கு உயிர். குழாய்களை அவரே அளந்து அறுத்து ஒட்டியிருந்தார். மேலே மீன்கள், கீழே அலமாரிக்குள் தண்ணீரை வடிகட்டும் சின்னத் தொட்டி. மேல்தொட்டியில் வழிகிற தண்ணீர் கீழே இறங்கும், பம்ப் அதை மறுபடி மேலே ஏற்றும். மேல்தொட்டியின் அடிவரை இறங்கிய அந்தக் குழாயில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஊசிமுனை அளவு ஓட்டையிலிருந்து தண்ணீர் சர்ரென்று பீச்சிக்கொண்டே இருந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை. தீபாவளிக்கு முந்தின நாள், அவர் வேலைக்குப் போன நேரத்தில் பம்ப்பை நிறுத்தி, தேக்கா கடைத்தெருவில் வாங்கிய பசையால் அடைத்துக் காயவிட்டேன். பம்ப்பை மறுபடி போட்டபோது சத்தமே இல்லை. பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் எண்ணெய் தேய்த்துக் குளித்து, கோவிலுக்குப் போய், உறவுக்காரர் வீட்டில் சாப்பிட்டு, மாலை நான்கு மணிக்குத் திரும்பினோம். வாசலில் அண்ணி போட்டிருந்த அரிசிமாக் கோலம் இல்லை. கதவுக்கடியில் தண்ணீர் வந்து அதைக் கரைத்திருந்தது. வாசல் சரவிளக்கில் ஏதோ கோளாறாகி வீட்டுக்கே கரண்ட் போயிருந்தது. பம்ப் நின்றதும், மேல்தொட்டித் தண்ணீர் அதே குழாய் வழியாகக் கீழே திரும்பி, சின்னத் தொட்டி நிறைந்து தரையெங்கும் ஓடியிருக்கிறது. அப்படி ஆகாமல், காற்றை உள்ளே விட்டு நிறுத்தத்தான் அந்த ஓட்டை. அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

ஒரு சாண் தண்ணீரில் மீன்கள் சாய்ந்து கிடந்தன. இரண்டு செத்துவிட்டன. அண்ணன் என்னைப் பார்த்தார். அண்ணி குழாயை விரலால் தடவினார், பசை மேட்டில் விரல் நின்றது.

“பாசி அடைச்சிருக்குங்க. இந்த வாரம் குத்திவிட மறந்துட்டேன். என் தப்புதான்.”

நான் குறுகிப்போனேன். நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை, அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. மறுநாள் அண்ணி பசையைச் சுரண்டி எடுத்தார். தாலிச்சரட்டிலிருந்து ஊக்கைக் கழற்றி என் கையில் வைத்தார்.

“இனிமே வெள்ளிக்கிழமை இத நீங்க பாத்துக்குங்க, தம்பி.”

அதன்பின் அந்த வீட்டில் ரூம் பேச்சு எழவில்லை. வேலை கிடைத்து, சொந்தமாக வீடு வாங்கும்வரை இரண்டு வருஷம் அங்கேதான் இருந்தேன். வெள்ளி தவறாமல் ஓட்டையைக் குத்திவிட்டேன்.

அண்ணி தவறிப்போய் ஆறு மாதமாகிறது. தொட்டியும் அண்ணனும் பாசிர் ரிஸ்ஸில் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அண்ணன் தட்டில் பாதிச் சோற்றோடு எழுந்துவிடுகிறார். நன்றாக இருந்த கதவுத் தாழ்ப்பாளைக் கழற்றி மாட்டுகிறார். குழாய் ஓட்டை எதற்கென்று ஒருநாளும் கேட்டுக்கொள்ளாதவர், போன வெள்ளிக்கிழமை தொட்டிப் பக்கம் நின்று, “லீக் ஆவுதுலா, பசை வெச்சு அடைச்சிரட்டுமா?” என்றார்.

இத்தனை வருஷம் கழித்து, அன்றைக்கு அடைத்தது நான்தான் என்று அவரிடம் சொன்னேன்.

“தெரியும்டா. உங்க அண்ணி எந்த வெள்ளிக்கிழமைய மறந்தா?”

நான் சாவிக்கொத்திலிருந்து ஊக்கைக் கழற்றினேன்.

“இனிமே இத நீங்க பாத்துக்குங்கண்ணே.”

அவர் வாங்கி, வேட்டி முனையில் துடைத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குழாய்ப் பக்கம் குனிந்தார். அன்று தட்டில் சோறு மிஞ்சவில்லை.