பத்தாயிரத்து ஒன்று

கணக்கில் எம்.எஸ்சி. படிக்க நான் மதுரைக்குப் போவதற்கு அப்பா சம்மதித்த காரணம் எளிமையானது. பட்டாசுக் கம்பெனிக்கு நான் துளியும் உதவ மாட்டேன் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். “போயிட்டு வா தாயி, இங்கன இருந்து நீ என்ன செய்யப் போற?” என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. விடுதிக்கு என்று பெட்டிகூட வாங்கியாகிவிட்டது.

எங்கள் கம்பெனி நாரணாபுரத்தில் இருந்தது. அந்த வருஷம் சாத்தூர் வியாபாரி ஒருவர் இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு சரவெடி ஆர்டர் கொடுத்தார். மொய் வைப்பவர்கள் சைபரில் முடிக்காமல் ஒரு ரூபாய் சேர்ப்பார்கள் இல்லையா, அதே வழக்கப்படி பத்தாயிரத்து ஒரு வெடி கேட்டார். சின்னச் சரங்களாகப் பின்னித்தான் பெரிய சரமாகக் கட்டுவோம். “எல்லாச் சரமும் ஒரே அளவா இருக்கணும். கடைசில ஒத்த வெடி தொங்குனா சாமி குத்தமாயிரும், பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

போர்மேன் நூறு நூறாகப் பிரித்தார், ஒன்று மிஞ்சியது. ஐம்பது, இருபத்தைந்து, எதுவும் சரிவரவில்லை. “இது உடையாது அண்ணாச்சி, ஆர்டரத் திருப்பிக் குடுத்துருவோம்” என்றார். அப்பா முகம் தொங்கிப் போயிற்று.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஒன்றில் முடிகிறது, ஆகவே இரண்டும் ஐந்தும் வகுக்காது. இலக்கங்களைக் கூட்டினால் இரண்டு, மூன்றும் போயிற்று. ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று பகா எண்களாகவே முயன்றேன். நூற்றைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. நூற்றுக்குள் உடையாத பத்தாயிரத்து ஒன்று அப்புறம் எங்கேயும் உடையாது. எழுபத்து மூன்றில் உடைந்தது. 73 × 137. இரண்டும் பகா எண்கள், வேறு வழியில் பிரிக்கவே முடியாது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த எண்ணோடு இன்னும் கொஞ்சம் விளையாடினேன். அப்பாவுடைய வண்டி எண் 4827ஐ அதனால் பெருக்கினேன், 48274827 வந்தது. எந்த நாலிலக்க எண்ணைக் கொடுத்தாலும் இப்படித்தான், இரண்டு தடவை சொல்லும்.

போர்மேன் எழுபத்து மூன்று சரம் கட்டினார், ஒவ்வொன்றிலும் நூற்று முப்பத்தேழு வெடி. இருக்கன்குடியில் கொளுத்தியபோது நானும் போயிருந்தேன். புகையும் சத்தமும்தான், எண்ணிப் பார்த்தவர் யாருமில்லை.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. திரும்பி வரும்போது வேனிலேயே போர்மேனிடம் சொன்னார்: “இனிமே ஆர்டரெல்லாம் இவ பாத்துக்கிடுவா. கையில வெண்ணெய வச்சுக்கிட்டு எதுக்கு மதுரைக்கு அனுப்பணும்?”

அழுதேன், இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். எதுவும் எடுபடவில்லை. அந்தப் பெட்டியில் பிறகு லேபிள் கட்டுகளைப் போட்டு வைத்தோம்.

அப்பா மேல் இருந்த கோபம் சில சீசன்களில் ஆறிவிட்டது. அந்த எண்ணின் மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. ஆனால் இன்றைக்கும் யாராவது மொய்க்கு ஒரு ரூபாய் தேடும்போது தோன்றும், போர்மேன் சொன்னதற்கு நானும் தலையை ஆட்டியிருக்கலாம். உடையாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மதுரைக்குப் போயிருப்பேன்.