யாரும் குடிக்காத காப்பி

என் தம்பி ரகீப், கூட்டுப்பண்ணையின் ஆட்டுக்காரன். வாய் சும்மா இருக்காது. "இந்த அல்பேனியாவுல எல்லை தாண்டிப் பாக்கற உரிமை என் கிடாவுக்கு மட்டும்தான்" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள், அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு.

அவன் மகன் அக்ரோன் மலைமேல் இருந்த எல்லைக் கம்பிவேலியைத் தாண்டி கிரீசுக்கு ஓடிவிட்டான். அதோடு எங்கள் வீடு துரோகி வீடானது. நாங்கள் போனால் கிணற்றடியில் பேச்சு நின்றுவிடும். அந்தக் குளிர்காலத்திலேயே ரகீபின் மனைவி ஹாத்திஜே செத்துப்போனாள்.

சாவு வீட்டுக் கதவை நாங்கள் மூன்று நாள் சாத்துவதில்லை. ஆண்கள் வந்து உட்கார்ந்து, சர்க்கரை போடாத காப்பி குடித்து, 'மிச்சமிருப்பவர்கள் நன்றாக இருக்கட்டும்' என்று சொல்லிப் போக வேண்டும். ஒருத்தராவது வந்து அவளுக்காகக் குடிக்க வேண்டும். ரகீபுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. நான் காப்பி வைத்துக்கொண்டே இருந்தேன். யாரும் வரவில்லை.

மறுநாள் சேஃபர் கோவேறு கழுதையோடு வாசலைக் கடந்தான். சின்ன வயசிலிருந்தே ரகீபின் கூட்டாளி.

"சேஃபர், காப்பி ஆறுது. உள்ள வா."

அவன் நிமிராமல் சுமையின் கயிற்றை இழுத்துக் கட்டினான். "கயிறு தளந்துடுச்சு ரகீப்."

"நல்லாத்தான்டா இருக்கு."

"கதவைச் சாத்தேன்டா. வந்தா என் பேரைக் கட்சிக்கு எழுதிக் குடுத்துடுவாங்க. வராம போனா மனசு குத்துது."

"உனக்கு மனசு இருக்கா? இப்பத்தான் தெரியுது."

சேஃபர் போய்விட்டான். ரகீப் எழுந்து கதவைச் சாத்தப் போனான்.

"தொட்டே, கையை ஒடிச்சுடுவேன்" என்றேன். மூன்றாம் நாள் பொழுது சாயும்வரை திறந்தே கிடந்தது. மழைச்சாரல்தான் உள்ளே வந்தது.

பிறகு கட்சியின் ஆட்சி கவிழ்ந்தது. அதே ஜனங்கள் கொடியோடு வந்து, "நாம எல்லாரும் ஒரே ரத்தம்" என்று ரகீபைக் கட்டிப்பிடித்தார்கள். அவன் கையைத் தூக்கவே இல்லை. அக்ரோனிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை.

அதன்பின் சேஃபர் செத்தான்.

"போயிட்டு வாடா. சாவு வீட்டுல கோவம் என்ன?"

"கோவம் இல்லக்கா. நான் போய் உக்காந்தா, எதுக்கு வந்தான், யாரு அனுப்பினான்னுதான் யோசிப்பாங்க. நானும் அப்படித்தானே யோசிப்பேன்."

எவ்வளவு சண்டை போட்டும் அவன் அசையவில்லை. நான் மட்டும் போனேன். ஆண்கள் அறையில் சேஃபரின் அண்ணனும் மருமகனும் எதையோ பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார்கள்.